ஒரே பெட்டிக்குள் இரண்டு ஸ்பீக்கர்

"அம்மிணி, சத்தம் பத்தலை."

கடைக்குள் நுழைந்ததும் டாக்சி டிரைவர் வெள்ளிங்கிரி சொன்ன முதல் வார்த்தை இதுதான்.

தமயந்தி ஒரு காரின் டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டுப் படுத்திருந்தாள். தலையை எடுக்காமலே கேட்டாள்.

"யாருக்குங்ணா பத்தலை?"

"எனக்குத்தான். வேற யாருக்கு?"

தமயந்திக்கு முப்பத்தொரு வயது. சுந்தராபுரத்தில் கார்களுக்குப் பாட்டுப்பெட்டி போடுகிற கடை வைத்திருந்தாள். டாக்சி ஸ்டாண்டில் பேரன் எடுத்த டிரைவர்கள்கூட அவளை வாத்தியாரம்மா என்றுதான் சொல்வார்கள். கேட்டதற்கு நேராகப் பதில் சொல்ல மாட்டாள் என்பது அவளைப் பற்றிய புகார். ஸ்டாண்டில் அதைப் பெருமையாகவும் சொல்லிக்கொள்வார்கள்.

வெள்ளிங்கிரி காரின் டிக்கியைத் திறந்து காட்டினார். ஒரு மரப்பெட்டி. அதற்குள் அடிச்சத்தத்துக்கென்றே இருக்கிற பெரிய ஸ்பீக்கர் இரண்டு, பக்கத்துப் பக்கத்தில். பெட்டிக்கு மேலே புத்தம் புது ஆம்ப்ளிஃபயர்.

"முந்தியெல்லாம் நெஞ்சுல வந்து மோதும் அம்மிணி. எட்டு மாசமா ஒண்ணுமே இல்லை. ஆம்ப்ளிஃபயர் வீக்குனு வேற போட்டேன். பத்தலை. அதைவிடப் பெருசா இதைப் போட்டேன். இது சூடாகிச் சூடாகி நின்னு போகுது. இந்த ஸ்பீக்கருக்குப் பொருத்தமா இன்னும் பெருசா ஒண்ணு சொல்லு."

தமயந்தி எழுந்து கையைத் துடைத்துக்கொண்டாள். காரின் பின்கதவைத் திறந்தாள்.

"ஏறுங்ணா."

"நானா? பின்னாடியா?"

"ஆமாங்."

ஒன்பது வருஷமாக ஓட்டுகிற வண்டி. அந்த சீட்டில் அவர் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. முழங்காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் உட்கார்ந்தார். முன்னால் டிரைவர் சீட் காலியாக இருந்தது.

தமயந்தி பாட்டைப் போட்டாள். ஜால்ரா கேட்டது, பாடுகிறவன் குரல் கேட்டது. அடியில் ஒன்றும் இல்லை.

"எப்பப் போடுவீங்க பாட்டு?"

"ஆளை இறக்கிவிட்டுட்டுக் காலியாத் திரும்பறப்ப. ஆள் இருந்தாத்தான் சத்தத்தைக் கொறைங்கறாங்களே."

"காலி வண்டிக்கு எதுக்குங்ணா அத்தனை சத்தம்?"

வெள்ளிங்கிரி பின்கதவைத் திறந்து இறங்கினார்.

பதில் தெரியாமல் இல்லை. அந்தச் சத்தம் நெஞ்சில் வந்து இடித்தால் வண்டிக்குள் இன்னொரு ஆள் இருக்கிற மாதிரி இருக்கும். ஐம்பத்துநாலு வயசு ஆம்பளை இதை ஒரு கடையில் நின்று சொல்வதா?

"நாளைக்கு மத்தியானம் வாங்க" என்றாள் தமயந்தி.

"இன்னைக்கே முடியாதா? நாளன்னைக்கு வெள்ளிக்கிழமை…"

"வெள்ளிக்கிழமை என்னங்?"

"ஒண்ணுமில்லை" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

ஒண்ணுமில்லாமல் என்ன?

வெள்ளிக்கிழமை அவர் மனைவி ரங்கநாயகி ஓசூர் பஸ் ஏறுகிறாள். மகள் அங்கேதான் இருக்கிறாள், நாலு மாசம் முழுகாமல் இருக்கிறாள். துணைக்குப் போகிறாள் என்றுதான் முதலில் நினைத்தார். போன வாரம் மகள் போன் செய்தாள்.

"அப்பா, அம்மா மில்லுல கணக்கு முடிச்சு வாங்கிட்டு வருதாம். இனி இங்கயே இருந்துக்கறேங்குது. உங்களுக்குள்ள என்னங்ப்பா?"

வேறொருவராக இருந்தால் அந்த நிமிஷமே வீட்டுக்கு ஓடியிருப்பார். நம் ஆள் ஆம்ப்ளிஃபயர் பார்க்கப் போனார்.

சண்டை பெரிய சண்டை ஒன்றும் இல்லை. எட்டு மாசத்துக்கு முன் மகள் கல்யாணத்தில், மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொன்ன பஸ் ஒன்று பத்தாது என்றாள் ரங்கநாயகி. அவர் மண்டபம் நிறைய ஜனங்களை வைத்துக்கொண்டு, "உன்ற பேச்சை இங்க யாரு கேட்டா?" என்று கத்திவிட்டார். பஸ் பத்தவில்லை. மகளை வண்டியேற்றி அனுப்புகிற நேரத்தில் ரங்கநாயகி அவர் பக்கத்தில் வந்து நிற்கவில்லை. எதிர்ப்பக்கம் போய் நின்றாள். அவர் காரில் ஏறாமல் சொந்தக்காரர் வேனில் வீட்டுக்குப் போனாள்.

அத்தனை பேர் முன்னால் என்னைப் பேசினாரே என்று அவளுக்கு. மகளை அனுப்புகிற நேரத்தில் என்னைத் தனியாக நிறுத்தினாளே என்று இவருக்கு. இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருந்ததால்தான் வினையே.

அதற்கப்புறம் வீடு தானாக ஒரு ஒழுங்குக்கு வந்துவிட்டது. ரங்கநாயகிக்கு நூல் மில்லில் காலை ஷிப்ட். அவள் கிளம்பிப் போன பிறகு இவர் எழுவார். மத்தியானம் இரண்டு மணிக்கு மில் விடும். அவள் நடந்து வீட்டுக்கு வருவதற்குள் இவர் வண்டியை எடுத்துவிடுவார். இவர் திரும்பும்போது அவள் தூங்கியிருப்பாள். அவளுக்கு லீவு என்றால் இவருக்குப் பழனி சவாரி. இவருக்கு உடம்பு முடியாமல் படுத்தால் அவளுக்குக் கோயில் வேலை.

அடுப்பு மேடையில் சோறு மூடியிருக்கும். சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைப்பார். அவர் சாப்பிட்டார் என்று அவளுக்கு அதில் தெரியும். எட்டு மாசமாக அந்த வீட்டில் நடந்த பேச்சு அவ்வளவுதான்.

இரண்டு பேரும் ஓடி ஓடி உழைத்தார்கள். வீட்டில் சத்தமே இல்லை.

மறுநாள் மத்தியானம் வெள்ளிங்கிரி வந்து நின்றார்.

தமயந்தி டிக்கியைத் திறந்தாள். முதல் வேலையாக ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஸ்பீக்கருக்குப் போகிற ஒயரைக் கழற்றினாள்.

"அம்மிணி, அதைக் கழட்டிட்டா சத்தம் எப்படி வரும்?"

"வராதுங்."

"சத்தம் வராம எப்படிப் பொருத்தம் பாப்பே?"

"கத்திக்கிட்டு இருக்கறப்ப அளக்க முடியாதுங்ணா."

செல்போனில் ஒரே சுதியில் இழுக்கிற ஒரு சத்தத்தைப் போட்டாள். அது எங்கேயும் கேட்கவில்லை. கரண்ட் அளக்கிற மீட்டரின் இரண்டு ஊசிகளையும் ஆம்ப்ளிஃபயரில் வைத்து எண்ணைப் பார்த்தாள். அதிலிருந்த ஒரு சின்னத் திருகைத் தொட்டுக் காட்டினாள்.

"இதைக் கடைசி வரைக்கும் திருகினது யாரு?"

"நாந்தான். சத்தம் ஏறுமில்ல?"

"ஏறுச்சுங்களா?"

"இல்லை."

"சூடு?"

"அது ஏறுச்சு."

தமயந்தி சிரிக்கவில்லை. திருகைப் பாதிக்கும் கீழே இறக்கினாள். மறுபடி அளந்தாள். ஜாதகக்காரர் மாதிரி இரண்டு முறை தலையை ஆட்டினாள்.

"பொருத்தம் இருக்குதுங்ணா. இந்த ஆம்ப்ளிஃபயர் இந்த ரெண்டு ஸ்பீக்கரையும் தாங்கும். நீங்க மொதல்ல வச்சிருந்ததே தாங்கியிருக்கும்."

"அப்புறம் ஏன் சத்தம் இல்லை?"

தமயந்தி மீட்டரைத் திருப்பி முதுகைத் திறந்தாள். உள்ளே இருந்த சதுர பேட்டரியை எடுத்தாள்.

"பெட்டியைப் பாருங்."

ஸ்பீக்கருக்குப் போகிற ஒயரின் இரண்டு முனையையும் பேட்டரியில் தொட்டாள்.

டப்.

இடது ஸ்பீக்கர் ஒரு விரல் அளவு வெளியே வந்தது. வலது ஸ்பீக்கர் அதே அளவு உள்ளே போனது.

எடுத்தாள். இரண்டும் பழைய இடத்துக்கு வந்தன.

மறுபடி தொட்டாள். ஒன்று வந்தது. ஒன்று போனது.

"பெட்டியை எப்பங்ணா கழட்டுனீங்க?"

"பொண்ணு கல்யாணத்துக்கு. சீர்ச்சாமான் ஏத்த எடம் வேணுமில்ல?"

"திருப்பி மாட்டுனது?"

"நானேதான். கல்யாணம் முடிஞ்சு வந்த அன்னைக்கே. வீட்டுக்குள்ள இருக்க முடியலை. வாசல்ல ஒக்காந்து மாட்டுனேன்."

தமயந்தி ஒயரை ஆம்ப்ளிஃபயரில் சேர்த்தாள்.

"கையை வைங்க. ரெண்டு மேலயும்."

வெள்ளிங்கிரி குனிந்து, இரண்டு ஸ்பீக்கர் மேலும் உள்ளங்கையை வைத்தார். அவள் பாட்டைப் போட்டாள்.

இடது கையை ஒன்று தள்ளியது. வலது கையை மற்றது இழுத்தது. அடுத்த நொடி இது தள்ளியது, அது இழுத்தது. இரண்டும் உயிரைக் கொடுத்து ஆடின. மணிக்கட்டு வரை அதிர்ந்தது. ஆனால் அடிச்சத்தம் மட்டும் காதில் விழவில்லை.

அவர் கையை எடுக்கவில்லை. பாட்டு முடிந்தது. அப்போதும் எடுக்கவில்லை.

"ஒரே பெட்டிக்குள்ள இருக்குதுங்" என்றாள் தமயந்தி. "ஒண்ணு தள்ளுற காத்தை இன்னொண்ணு இழுத்துக்குது. வெளிய எதுவும் வராது. எவ்வளவு பெரிய ஆம்ப்ளிஃபயர் போட்டாலும் வராது."

வெள்ளிங்கிரி கையை எடுத்து நிமிர்ந்தார்.

"இதுல எது தப்பு அம்மிணி?"

"தப்புனு ஒண்ணும் இல்லீங். ரெண்டும் நல்ல ஸ்பீக்கர்."

"இல்லை, எதைத் தப்பா மாட்டியிருக்கேன்? இதா, அதா?"

"தனியாப் பாத்தா ரெண்டும் செரிதாங்."

"அப்ப எதை மாத்தோணும்?"

"ஒண்ணை."

"எந்த ஒண்ணை?"

"எதுன்னாலும் ஒண்ணுதானுங். ரெண்டையும் மாத்திப்புடாதீங்க. மறுக்கா இப்படியேதான் நிக்கும்."

"அது எப்படி? எதாவது ஒண்ணுதானே தலைகீழா இருக்கோணும்? அதைக் கண்டுபிடிக்க வேண்டாமா?"

தமயந்தி ஸ்க்ரூ டிரைவரை அவர் கையில் கொடுத்தாள்.

"கைக்கு எட்டறதைத் திருப்புங்ணா."

சொல்லிவிட்டு அடுத்த காருக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டாள்.

வெள்ளிங்கிரி டிக்கி விளிம்பில் உட்கார்ந்தார். எட்டு மாசமாக அவர் தினமும் வழக்கு நடத்திய ஆள். காலியாகத் திரும்புகிற ஒவ்வொரு சவாரியிலும் ரங்கநாயகியைக் கூண்டில் ஏற்றிக் கேள்வி கேட்டு, நான் செய்தது சரிதான் என்று தீர்ப்பு வாங்கியவர். அத்தனையிலும் ஜெயித்திருந்தார்.

வலது ஸ்பீக்கர் எட்டாத மூலையில் இருந்தது. இடது ஸ்பீக்கரின் ஒயர் அவர் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது.

கருப்பு ஒயரைக் கழற்றினார். சிவப்பைக் கழற்றினார். மாற்றி முடுக்கினார்.

பாட்டைப் போட்டார்.

கடையின் தகரக் கூரை அதிர்ந்தது. அலமாரியில் திருகாணி டப்பாக்கள் ஆடின. நெஞ்சில் வந்து இடித்தது. எட்டு மாசம் காத்திருந்த இடி. வெள்ளிங்கிரிக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது, வந்தது அவருக்கே வெட்கமாக இருந்தது.

அரைப் பாட்டில் நிறுத்தினார்.

"ஏனுங்ணா?" காருக்கு அடியிலிருந்து தமயந்தி கேட்டாள். "இன்னும் பத்தலீங்களா?"

"மணி என்ன அம்மிணி?"

"ஒண்ணே முக்கால்."

அவர் போன் அடித்தது. ஸ்டாண்டிலிருந்து. விமான நிலையத்துக்கு ஒரு சவாரி, உடனே வர வேண்டும் என்றார்கள். தினமும் இந்த நேரத்தில் அவர் எதிர்பார்த்துக் காத்திருக்கிற போன்.

"இல்லீங், வேற ஆளைப் போட்டுக்கோங்க" என்றார்.

தமயந்தி தலையை வெளியே நீட்டிப் பார்த்தபோது கார் தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தது. வண்டியில் பாட்டு ஓடவில்லை.

இரண்டு மணிக்கு மில் சங்கு ஊதியது. பெண்கள் தலையில் ஒட்டிய பஞ்சைத் தட்டிக்கொண்டே வெளியே வந்தார்கள். ரங்கநாயகி கடைசியில் தனியாக வந்தாள். கையில் சோறு கொண்டுபோகிற தூக்குப்போசி. நாளைக்கு அவள் வர வேண்டியதில்லை என்பதால் வாட்ச்மேனிடம் நின்று ஏதோ சொல்லிவிட்டு வந்தாள்.

எதிரே கார் நின்றது. அதன் பக்கத்தில் வெள்ளிங்கிரி நின்றார்.

அவள் நின்றாள்.

வழியெல்லாம் அவர் ஒரு வார்த்தையைத் தயார் செய்து வந்திருந்தார். அதைச் சொல்லாமல் முன்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

ரங்கநாயகி பின்கதவைத் திறந்து, சவாரிக்கு ஏறுகிறவள் மாதிரி பின்னால் உட்கார்ந்தாள். முழங்காலை எங்கே வைப்பது என்று அவளுக்கும் தெரியவில்லை.

அவர் முன்கதவைச் சாத்தினார். சுற்றி வந்து உட்கார்ந்தார். வண்டி நகர்ந்தது. ஒரு தெரு போனது. இன்னொரு தெரு போனது. கண்ணாடியில் பார்த்தார். அவள் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்குத் திரும்புகிற சந்துக்குக் கொஞ்சம் முன்னால் அவள் குரல் வந்தது. எட்டு மாசத்தில் முதல் முறை.

"ஏனுங்க… டம்மு டம்முனு ஊருக்கே கேக்கறாப்ல ஒண்ணு போடுவீங்களே. இன்னைக்கு அது ஓடலையா?"

வெள்ளிங்கிரி வண்டியை ஓரமாக நிறுத்தினார்.

"ஓடும்" என்றார். "போட்டா உன்ற பேச்சு கேக்காது."