ஓ நெகட்டிவ் பட்டியல்

"இதுக்கு மூளையே கிடையாது" என்று நிரலில் பிழை பார்க்கும் கம்பைலரைத் திட்டிக்கொண்டே சிகாமணி அதே பொத்தானை ஐந்தாம் முறையாக அழுத்தினார்.

பிழையான வரியின் அடியிலிருந்த சிவப்புக் கோடு போகவில்லை.

மூன்று மணிக்கு ஒரு மருத்துவமனையின் ரத்த வங்கி இந்த நிரலுக்கு மாறவேண்டும். தவறினால் வேலை உறுதியாகாது என்று மேலாளர் காலையிலேயே சொல்லிவிட்டார். நாற்பத்தேழு வயதில் அச்சகத்தை விட்டு ஜாவா படித்து வந்தவரை வேறு யார் சேர்த்துக்கொள்வார்கள்?

நஸ்ரின் வந்து பின்னால் நின்றாள். அவரைவிடப் பதினெட்டு வயது இளையவள். குழுவில் எல்லாரும் சந்தேகம் கேட்பது அவளிடம்தான்.

அவர் முறையிட்டார். காலாவதித் தேதி பார்க்கும் நிரல் பகுதியான மெத்தட், ரத்தப் பைகளின் பட்டியலைக் கேட்கிறது. ஓ நெகட்டிவ் பைகளின் பட்டியலைக் கொடுத்தால், வகை பொருந்தவில்லை என்று கம்பைலர் மறுக்கிறது.

"ஓ நெகட்டிவ் ரத்தம் இல்லையா மேடம்?"

"ரத்தம்தான்."

"அப்புறம் அந்தப் பட்டியல் மட்டும் ஏன் ரத்தப் பட்டியல் இல்லை?"



மணி இரண்டு நாற்பது. சிகாமணிக்குப் பொறுக்கவில்லை. இதை ரத்தப் பட்டியல் என்றே வைத்துக்கொள் என்று கட்டாய வகைமாற்றம் ஒன்றை எழுதினார். எச்சரிக்கை வந்தது. அதையும் வராமல் அடக்கினார்.

கோடு மறைந்தது.

"அதட்டி வாயை மூட வச்சிட்டீங்க சார்" என்றாள்.

நின்றபடியே குனிந்து, மெத்தட்டுக்குள் ஒரு வரி சேர்த்தாள். வந்த பட்டியலில் ஏ பாசிட்டிவ் பை ஒன்றைப் போடு. அதுவும் ரத்தப் பைதானே, கம்பைலர் ஒன்றும் சொல்லவில்லை. ஓட்டிவிட்டு, ஓ நெகட்டிவ் பட்டியலைத் திரையில் வரவழைத்தாள்.

ஐந்து பைகள். நான்கு ஓ நெகட்டிவ்.

ஐந்தாவது ஏ பாசிட்டிவ்.

ஓ நெகட்டிவ் நோயாளிக்கு அது ஏறினால் உயிரே போகலாம்.

"இப்படி ஒரு வரிய யார் மேடம் எழுதப்போறாங்க?"

"நான் எழுதினேனே. யார் தடுத்தா?"



சிகாமணி கட்டாய வகைமாற்றத்தை அழித்தார். மெத்தட்டின் முதல் வரியைத் திருத்தினார். எந்த வகை ரத்தத்தின் பட்டியலும் வரலாம். வந்த வகையைத் தவிர வேறெதுவும் அதனுள் போகக்கூடாது.

அவருடைய பட்டியலைக் கம்பைலர் ஏற்றுக்கொண்டது. அவள் எழுதிய வரியின் அடியில் சிவப்புக் கோடு விழுந்தது. அந்த வரியையும் அழித்தார்.

எல்லாச் சோதனைகளும் மறுபடி ஓடி முடிய அரை மணி ஆகும். மூன்றுக்கு ஐந்து நிமிடம்.

மருத்துவமனையிலிருந்து போன் வந்தது.

"மூணு மணிக்கு முடியாது சார். மூணரை ஆகும்" என்றார் சிகாமணி.

மேலாளர் தன் அறையிலிருந்து எழுந்து இவர்களை நோக்கி வந்துகொண்டிருந்தார்.

சிகாமணி போனை வைத்துவிட்டு, பக்கத்து நாற்காலியை நஸ்ரினுக்கு இழுத்துப் போட்டார்.