கழுத்தில் நிற்காத மாலை

"டீச்சர், எம் மவ குடுத்த மாலை கழுத்துல நிக்க மாட்டேங்கு," என்றார் மாசிலாமணி.

மழைக்கோட்டும் ஹெல்மெட்டுமாக வாசலிலேயே நின்று சொன்னார்.

இசக்கி கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் திருப்பினாள். "உள்ள வந்து சொல்லுங்க அண்ணாச்சி."

டீச்சருக்கு வயது இருபத்தைந்து. மாணவருக்கு ஐம்பதைத் தாண்டிவிட்டது.

தூத்துக்குடியில் ஒரு டயர் கடைக்கு மேல் மாடியில் கேம் சென்டர் நடத்துகிறாள் இசக்கி. வருகிறவர்களில் சிலருக்கு விளையாடினால் மட்டும் போதாது. விளையாட்டுக்குள் தங்கள் கையால் செய்த வாளும் கவசமும் வேண்டும். அதை அவள் சொல்லிக்கொடுப்பாள். வாயால் சொல்வது குறைவு.

மாசிலாமணி ஒரு ரசாயன ஆலையில் பாதுகாப்பு அதிகாரி. இயந்திரம் ஓடுவதற்கு முன் சரிபார்ப்புத் தாளில் எல்லாக் கட்டத்திலும் டிக் விழுந்திருக்கிறதா என்று பார்ப்பது அவர் வேலை. ஒரு கட்டம் காலியாக இருந்தால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. அவர் பொறுப்பில் இருந்தவரை ஒருத்தர் விரல்கூட நசுங்கியதில்லை. தங்கமான மனிதர். வீட்டிலும் அப்படியே இருந்ததுதான் வினை.

ஒரே மகள் ஜெபா. ஸ்கூட்டி கேட்டாள், கிடையாது. கடலில் குளிக்கக் கேட்டாள், கிடையவே கிடையாது. கோயம்புத்தூர் ஹாஸ்டலுக்குப் போன பிறகு அப்பா போன் செய்தால் "சாப்ட்டேன்" என்பாள், "வைக்கேன்" என்பாள். அவ்வளவுதான். மனிதர் தவித்துப்போனார். அவள் ஏதோ கம்ப்யூட்டர் விளையாட்டின் மாயாஜால நாட்டில் கேடயம் பிடித்துச் சண்டை போடுகிறாள் என்று கேள்விப்பட்டு, அந்த வயதில் இசக்கியிடம் வந்து விளையாட்டுப் பழகி, உள்ளே போய்ச் சேர்ந்தார்.

அங்கே மகள் பேசினாள். நன்றாகவே பேசினாள்.

"அவ முதமுதல்ல செஞ்ச சாமான் டீச்சர் அது. பாசி மாலை. கோணல்மாணலாத்தான் இருக்கும். 'அப்பாவுக்கு'ன்னு பேரு வச்சிருந்தா."

"சரி."

"நான் ஒரு கவசம் செஞ்சேன். கவசத்தப் போட்டா மாலை கழண்டுருது. மாலையப் போட்டா கவசம் கழண்டுருது."

"அவ பாத்தாளா?"

"போன ஞாயித்துக்கிழம பாத்துட்டா. 'நல்லால்லன்னு கழத்திட்டியளாப்பா'ன்னு கேட்டா. இல்லம்மாங்கதுக்குள்ள போயிட்டா. அதுக்கப்புறம் வரவேயில்ல. இன்னைக்குச் சாயங்காலம் ஒரு தடவ வருவாளாம். அப்புறம் விளையாட்டையே அழிச்சிருவாளாம். பரிச்சையாம்."

நாற்காலியில் உட்கார்ந்த பிறகும் அவர் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. பேச்சு அதற்குள்ளிருந்து அடைத்துக்கொண்டு கேட்டது.

"இதுவரைக்கும் என்ன செஞ்சு பாத்திய?"

"மாலையத்தான் மாத்தி மாத்திப் பாத்தேன். கழுத்துல இருந்தத முதுகுல போடுத மாதிரி மாத்துனேன். இடுப்புக்கு மாத்துனேன். காலுக்கும் மாத்திட்டேன். எங்க வச்சாலும் கழண்டுருது. பாசியெல்லாம் சின்னதாக்கிக்கூடப் பாத்தேன்."

"அவ செஞ்ச பாசியையா?"

"ஆமா."

இசக்கி ஆணியில் தொங்கிய ஹெட்செட்டை எடுத்து நீட்டினாள்.

"சாயங்காலம் அவகூடப் பேசணும்லா. சரியா கேக்கான்னு போட்டுப் பாருங்க."

மாசிலாமணி வாங்கித் தலையில் மாட்டினார். ஹெல்மெட்டுக்கு மேலே.

போகவில்லை.

வளையத்தை நீட்டிப் பார்த்தார். தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். ஒரு பக்கம் மாட்டினால் மறுபக்கம் துள்ளியது.

"சின்ன சைஸ் போல டீச்சர். வேற பெருசு இருக்கா?"

அவர் மறுபடி இழுத்துப் பார்த்தார்.

"இன்னுங் கொஞ்சம் இழுத்தா ஒடஞ்சிருமோ?"

"ஒடஞ்சிரும்," என்றாள்.

அவர் கை நின்றது. கையிலிருந்ததைப் பார்த்தார். பிறகு தன் தலையைத் தொட்டுப் பார்த்தார்.

மெல்ல ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் அதையே தடவிக்கொண்டிருந்தார்.

"டீச்சர்," என்றார். "மாலைய விடுங்க. என் கவசத்தத் தெறங்க."

திறந்தாள்.

அந்த விளையாட்டில் உடம்பின் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு கட்டம் உண்டு. ஓரிடத்தில் ஒரு சாமான்தான் தங்கும். செய்கிறவர் தன் சாமான் எந்த இடத்தைப் பிடிக்கும் என்று டிக் போட்டுச் சொல்லவேண்டும். மார்புக் கவசத்துக்கு மார்பில் ஒரு டிக் போதும்.

மாசிலாமணியின் கவசத்தில் ஒரு கட்டம் மிச்சமில்லை. தலை, காது, கழுத்து, முதுகு, இடுப்பு, மோதிர விரல்.

"வாலுக்குமா அண்ணாச்சி?"

"அந்த நாட்டுல வால் உள்ள ஆளுகளும் உண்டுல்லா. காலியா விட மனசு வரல."

இசக்கிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்தது. தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற ஆள் உண்டு. இவர் வாலுக்கும் டிக் போட்டிருந்தார்.

"எதுக்கு எல்லாத்துலயும் போட்டிய?"

"எந்தப் பக்கமும் அடி படக்கூடாதுல்லா."

"அடி தாங்குதது அந்தா கீழ இருக்க நம்பர் அண்ணாச்சி. டிக் போட்டா இடந்தான் போகும்."

"அடி தாங்காதா?"

"ஒண்ணும் தாங்காது."

மாசிலாமணி மவுஸை வாங்கிக்கொண்டார். முதலில் வால். பிறகு காது, விரல், இடுப்பு, கால் என்று தானே ஒவ்வொன்றாக எடுத்தார். ஆலையில் இதைச் செய்திருந்தால் அவரே அவருக்கு மெமோ கொடுத்திருப்பார்.

கழுத்துக்கு வந்ததும் கை தயங்கியது. கண்ணை மூடிக்கொண்டு அதையும் எடுத்தார்.

இரண்டையும் சேர்த்துப் போட்டுப் பார்த்தார்கள். மாலை கழன்று விழவில்லை. ஆனால் கண்ணிலும் படவில்லை. கவசத்தின் இரும்புக் காலர் மோவாய்வரை ஏறி நின்று பாசியை முழுக்க விழுங்கியிருந்தது.

"காலர வெட்டணும்," என்றாள் இசக்கி.

"வெட்டுனா கழுத்து வெறுசாத் தெரியுமே."

"தெரியும்."

"அம்பு படுமே டீச்சர்."

"படும்," என்று சொல்லிவிட்டு டீ வாங்கக் கீழே இறங்கிப் போய்விட்டாள்.

அவர் தனியாக உட்கார்ந்திருந்தார். வெளியே மழை வெறித்திருந்தது. டயர் கடைக்காரர் யாரையோ ஏசிக்கொண்டிருந்தார்.

இசக்கி டீயோடு திரும்பியபோது காலர் இல்லை. வெட்டிய விளிம்பு கொஞ்சம் பிசிறாகத்தான் இருந்தது. பாசிகள் பழைய அளவுக்கே வந்திருந்தன. கோணலும் அப்படியே இருந்தது.

சாயங்காலம் மாயாஜால நாட்டின் பாலத்தடியில் மாசிலாமணியின் வீரன் காத்து நின்றான். ஹெட்செட் போட்ட மாசிலாமணி இங்கே நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். பாலத்துக்கு அக்கரையில் எதிரிகள் வில்லோடு நின்றார்கள்.

கேடயம் பிடித்த பெண் ஒருத்தி வந்தாள். வந்தவள் அவனை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள்.

"அப்பா."

"சொல்லும்மா."

"காலர எங்க?"

"வெட்டிட்டேன்."

"ஏன்?"

"மாலைக்கு எடம் வேணும்லா."

லைன் போய்விட்டதோ என்று பயந்து அவர் இசக்கியைப் பார்த்தார். அவள் டீயைக் குடித்துக்கொண்டிருந்தாள்.

"அம்பு படாதாப்பா?"

அதற்கு என்ன சமாதானம் சொல்வது என்று ஒரு கணம் யோசித்தார். பிறகு விட்டுவிட்டார்.

"படும்மா," என்றார்.

ஜெபா கேடயத்தை உயர்த்திக்கொண்டு அவரைத் தாண்டிப் பாலத்தில் ஏறினாள்.

"அப்ப எம் பின்னால வாங்க."