கூழைக்கடா கட்டிய மீன்பண்ணை

ஆறு கடலில் சேரும் இடத்தில் ஓர் அலையாத்திக் காடு இருந்தது. அந்தக் காட்டில் பைவாயன் என்ற கூழைக்கடா தன் மனைவி சிறகாயியோடு வாழ்ந்து வந்தது.

ஒரு மழைக்காலத்தில் கடல் பொல்லாத கோபத்தோடு கொந்தளித்தது. பைவாயன் நாள் முழுக்கப் பறந்தும் அலகில் ஒரு மீன்கூடச் சிக்கவில்லை. கூட்டில் இருந்த குஞ்சுகளில் கடைக்குட்டி பசியாலேயே செத்துப்போனது. அன்று முதல் பைவாயன் தண்ணீரைப் பார்த்தால் யோசனையில் ஆழ்ந்துவிடும்.

மழை ஓய்ந்தது. கடல் நீர் ஏறும்போதெல்லாம் மடவை மீன்குஞ்சுகள் கூட்டம் கூட்டமாகக் காட்டு ஓடைக்குள் வந்தன. நீர் வடிந்தபோது திரும்பிப் போயின. பைவாயன் இதைக் கவனித்தது.

"அட! வீடு தேடி வர்ற விருந்தாளிகளை நாம ஏன் திருப்பி அனுப்பணும்?" என்றது அது.

உடனே குடைவன் என்ற நீர்நாயைக் கூப்பிட்டது. மண் தோண்டுவதில் குடைவனை மிஞ்ச அந்தக் கழிமுகத்தில் ஆள் இல்லை.

"இந்த ஓடைக்குக் குறுக்கே ஒரு கரை போடணும். மீன் வளர்ந்ததும் உனக்கும் பங்கு உண்டு!"

"இப்பவே போட்டுடறேன் முதலாளி!" என்றது குடைவன்.

அதுவரை யாரும் பைவாயனை முதலாளி என்று கூப்பிட்டதில்லை. அதன் கழுத்து தானாகவே கொஞ்சம் நீண்டது.

சேறும் சுள்ளியும் வைத்துக் கரை எழும்பியது. நடுவில் ஒரு திறப்பு விட்டு, குச்சிகளை இரண்டும் நெருக்கமாக நட்டன. தண்ணீர் வரும், போகும். மீன்குஞ்சு நுழையும், வளர்ந்த மீன் போகாது. பைவாயன் தினமும் அரிசி ஆலைக்குப் பறந்துபோய், சிந்திக் கிடக்கும் தவிட்டை அலகுப்பையில் அள்ளி வரும். பாதி வழியில் தும்மல் வரும். பாதித் தவிடு வயல்களுக்குப் போகும். மிச்சம் மீன்களுக்கு!

அடுத்த மழைக்காலமும் வந்தது. கடல் முன்போலவே சீறியது. ஆனால் இந்த முறை கூட்டில் பிறந்த குஞ்சுகள் வயிறு நிறையத் தின்றுவிட்டு, இடம் போதவில்லை என்று ஒன்றையொன்று மிதித்துச் சண்டை போட்டன. சிறகாயி அந்தச் சண்டையைப் பார்த்துக் கண் கலங்கியது.

செய்தி கடற்கரை முழுக்கப் பரவியது. கொக்குகளும் நீர்க்காகங்களும் பண்ணையைப் பார்க்க வந்தன. "பைவாயனைப் போல உண்டா!" என்று புகழ்ந்தன. அங்கேதான் வம்பு ஆரம்பித்தது.

"குடைவா, பண்ணையை நாலு மடங்கு பெருசாக்கணும்!"

"மரங்களை எடுத்துட்டா இடம் கிடைக்கும் முதலாளி!"

"எடு! அந்தத் திறப்பையும் அடைச்சுடு. பொடி மீனெல்லாம் குச்சி இடுக்குல நழுவிப் போகுது!"

"என்னங்க, இருக்கறதே நமக்குப் போதுமே?" என்றது சிறகாயி.

"உனக்குத் தொழில் தெரியாது!" என்றது பைவாயன்.

குடைவன் வேரடியைக் குடைய, மரங்கள் சாய்ந்தன, குளம் பெருத்தது. திறப்பு மூடப்பட்டது. பைவாயன் அக்கம்பக்கத்து ஓடைகளில் இருந்தும் மீன்குஞ்சுகளை அள்ளி வந்து கொட்டியது. தவிட்டை மலைபோல் குவித்தது. தின்றது போக மீந்ததெல்லாம் அடியில் கிடந்து அழுகியது. தண்ணீர் கருத்தது.

பண்ணையிலேயே பெரிய மீன் வெள்ளியப்பன் என்ற மடவை. அது ஒரு நாள் தலையை நீட்டியது.

"ஐயா, எங்களைத் தின்னத்தான் வளர்க்கறீங்கன்னு தெரியும். அதைப் பத்திப் பேசிப் பிரயோசனம் இல்லை. ஆனா தின்னுற வரைக்கும் நாங்க மூச்சு விட வேண்டாமா?"

"இவ்வளவு தவிடு போடறேன். மூச்சையும் நானே விட்டுத் தரணுமா?" என்று சீறியது பைவாயன்.

மழைக்காலம் நெருங்கியது. அதற்கு முன் தன் பெருமையை எல்லோருக்கும் காட்டிவிட நினைத்தது பைவாயன். தூரத்துக் கழிமுகங்களில் இருந்தெல்லாம் பறவைகளை விருந்துக்கு அழைத்தது.

விருந்தன்று காலையில் கரை நிறையப் பறவைகள். குளம் நிறைய மீன்கள். அத்தனை மீன்களும் நீர்மட்டத்துக்கு வந்து, வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன.

"ஆகா! நம்மைப் பார்த்ததும் எவ்வளவு மரியாதையா வரவேற்குது பாருங்க!" என்றது ஒரு மஞ்சள்மூக்கு நாரை.

மீன்கள் மூச்சுக்குத் தவிக்கின்றன என்று பைவாயனுக்குப் புரிந்தது. ஆனாலும் மார்பை நிமிர்த்திக்கொண்டது.

"எல்லாம் என் வளர்ப்பு!"

"பாட்டும் பாடுமோ?"

"சொல்லிக் கொடுத்துக்கிட்டிருக்கேன்!"

பிறகு யாருக்கும் கேட்காமல் குனிந்து, "வெள்ளியப்பா, விருந்தாளிங்க போற வரைக்கும் கொஞ்சம் தாக்குப்பிடி!" என்று கெஞ்சியது.

"அதுக்கும் மூச்சு வேணுமே ஐயா!" என்றது வெள்ளியப்பன்.

அப்போது ஒரு மீன் மல்லாந்தது. பக்கத்தில் இன்னொன்று. அப்புறம் ஒரு கூட்டமே வயிற்றைக் காட்டி மிதந்தது.

"இதுங்க ஏன் இப்படிப் படுத்திருக்கு?" என்று கேட்டது நாரை.

"அது... உண்ட மயக்கம்!" என்றது பைவாயன்.

சிறகாயிக்குப் பொறுக்கவில்லை. பறந்து வந்து எதிரில் நின்றது.

"கரையை உடைங்க! கடல் தண்ணி ஏறுற நேரம் இது. உள்ளே விட்டா பிழைக்கும்!"

"உடைச்சா முக்கால்வாசி மீன் போயிடுமே! எல்லாரும் வேற பார்க்கறாங்க."

"உடைக்காட்டி எல்லாம் செத்துப்போகும். கடல் கொந்தளிக்கிறப்போ குஞ்சுகளுக்கு எதைக் கொடுப்பீங்க? இன்னொன்னையும் பறிகொடுக்க என்னால முடியாது!"

பறவைகள் அத்தனையும் பார்க்க, பைவாயன் கரையில் பாய்ந்து அலகால் கொத்தியது. சிறகால் அடித்தது. காலால் உதைத்தது. கரை அசையவில்லை.

"அது உடையாது முதலாளி! கட்டினது நானாச்சே!" என்றது குடைவன் பெருமையாக.

"பெருமையை அப்புறம் வச்சுக்கோ! வந்து தோண்டு!"

இரண்டும் சேர்ந்து தோண்டின. கரை பொலபொலவென்று சரிந்தது. கடல் நீர் நுரைத்துக்கொண்டு உள்ளே பாய்ந்தது. மூச்சு திரும்பிய மீன்கள் நீரை எதிர்த்து வெளியே ஓடின. தலை முதல் வால் வரை சேறு வழிய நின்ற பைவாயனைப் பார்த்துப் பறவைகள் விழுந்து விழுந்து சிரித்தன. நாரை சிரித்த சிரிப்பில் உட்கார்ந்திருந்த கிளையிலிருந்தே சறுக்கிவிட்டது.

உடைப்பின் அருகே வந்த வெள்ளியப்பன் ஒரு கணம் நின்றது.

"வரட்டுமா ஐயா?"

பைவாயன் அங்கேயேதான் நின்றிருந்தது. வாயைத் திறந்திருந்தால் போதும், வெள்ளியப்பன் நேரே அலகுப்பைக்குள் போயிருக்கும். பைவாயன் வாயை இறுக மூடிக்கொண்டது. வெள்ளியப்பன் கடலுக்குள் பாய்ந்து மறைந்தது.

குளத்தில் கொஞ்சம் மீன்கள் தங்கின. சாய்க்காமல் விட்ட மரங்களின் வேர்களுக்கு நடுவே அவை பிழைத்துக் கிடந்தன. அந்த மழைக்காலத்தில் பைவாயனும் சிறகாயியும் அவற்றை அளந்து அளந்து குஞ்சுகளுக்கு ஊட்டின. குஞ்சுகள் மெலிந்தன. ஆனால் எல்லாமே பிழைத்து, ஒரு நாள் சிறகடித்துப் பறந்தன.

பிறகு பைவாயன் சின்னதாக ஒரு கரை கட்டியது. அதில் அகலமாக ஒரு திறப்பை விட்டது. சிரித்துவிட்டுப் போன நாரையே ஒரு நாள் மீன்பண்ணை கட்ட அதனிடம் யோசனை கேட்க வந்தது. பைவாயன் கொஞ்சம் பிகு செய்துகொண்டுதான் சொல்லிக்கொடுத்தது. முதலாளி அல்லவா!

நீர் எவ்வளவு தாங்குமோ அவ்வளவே வளர்ப்பவருக்குச் செல்வம் நிலைக்கும். நீரின் மூச்சை அடைத்துப் பெருக்க நினைப்பவர் இருப்பதையும் இழப்பார்.