வேகாத பருப்பும் காளியண்ணன் கிணறும்

ஒரு ஊர்ல ஒரு கிணறு இருந்துதாம். அந்தக் கிணத்தைப் பத்திப் பெருமை பேசறதுக்குன்னே ஒரு ஆளும் இருந்தாராம். அவர் பேரு காளியண்ணன். வீட்டுக்கு யாரு வந்தாலும் உட்காரச் சொல்றதுக்கு முன்னாடி ஒரு சொம்புத் தண்ணியை நீட்டிருவாரு. "குடிச்சுப் பாருங்க, தேனாட்டம் இருக்கும்!"

வந்தவங்க ஒரு மடக்குக் குடிப்பாங்க. மூஞ்சி அப்படியே கோணும். "ஆமாங்க, தேனுதாங்க"ன்னு சொல்லிட்டு மிச்சத்தை வாழை மரத்துக்கு ஊத்திருவாங்க. ஏன்னா அது ஒரே உப்புத் தண்ணி!

ம் கொட்டு சாமி. கேக்குறியா?

அப்புறம், அந்த வீட்டுக்கு மருமகளா வந்தா பூங்கோதை. அவ பவானி ஆத்தங்கரைக்காரி. வந்த அன்னிக்கே அவ புருஷன் தங்கராசு அவளைத் தனியாக் கூப்பிட்டு, "இந்தா, நீ எதைப் பத்தி வேணும்னாலும் பேசு, தண்ணியைப் பத்தி மட்டும் பேசிராதே"ன்னான்.

"ஏனுங்க?"

"அப்பாவும் எங்கம்மா நாச்சம்மாவும் ரெண்டே பேரா வெட்டுன கிணறு. அவர் வெட்ட, அம்மா மண்ணு சுமந்தாங்க. தண்ணி வந்ததும் மொதக் கை அள்ளிக் குடிச்சுட்டு, தேனாட்டம் இருக்குதுன்னு அம்மாதான் சொன்னாங்க. இப்ப அம்மா இல்லை."

பூங்கோதை சரின்னு தலையாட்டிட்டா.

அப்போ, மொத நாள் தலைக்குக் குளிக்கப் போனா. ராட்டினம் கிறீச் கிறீச்னு கத்த, தண்ணி எறைச்சுச் சோப்பைத் தேய்ச்சா. தேய் தேய்னு தேய்க்கிறா, நுரையே வரலை! பாதி சோப்பு கரைஞ்சு, திரிஞ்ச பாலாட்டம் ஒடம்பெல்லாம் ஒட்டிக்கிச்சு. முடி காய்ஞ்சதும் தேங்கா நாரு கணக்கா நட்டுக்கிட்டு நிக்குது. காளியண்ணன் பார்த்துட்டு, "அட, நம்ம தண்ணிக்கு முடி எப்படி அடர்த்தியாயிருச்சு பாரு!"ன்னாரு. பூங்கோதை வாயே தொறக்கலை.

அப்புறம், ரெண்டாவதா பருப்பு. காலையில அடுப்புல வெச்சா. கொத கொத, கொத கொத... மத்தியானம் ஆச்சு. சட்டிக்கு அடியில வெள்ளையா சுண்ணாம்பாட்டம் படிஞ்சுதே தவிர, பருப்பு வேகலை. அப்படியே ஊத்தினா. காளியண்ணன் வாயில போட்டாரு. கடக்! இன்னொரு வாய். கடக் மொடக்! "பருப்பு பழசும்மா, கடைக்காரன் ஏமாத்திட்டான்"னு சொல்லிட்டுத் தாடையைப் புடிச்சுக்கிட்டாரு. அப்பவும் அவ பேசலை.

ம்?

மூணாவதா வந்துது வேட்டி. பக்கத்து ஊருல கல்யாணம்னு வெள்ளை வேட்டியைத் துவைக்கக் குடுத்தாரு. தப் தப்னு துவைச்சுக் காயப் போட்டா. கொடியில இருந்து எடுத்துக் கீழே வெச்சா, வேட்டி தானா நிக்குது! வேற வேட்டியும் இல்லை. அதையே கட்டிக்கிட்டு சரக்கு மொரக்குனு போனாரு. பந்தியில சம்மணம் போட்டு உட்கார்ந்தாரா, படக்! முட்டிக்கிட்ட மடிஞ்ச வேட்டி தகரமாட்டம் நட்டுக்கிட்டு எலையை மறைச்சுது. பந்தியே சிரிச்சுது.

வீட்டுக்கு வந்தவரு, "எவ்வளவு கஞ்சிம்மா போட்டே?"ன்னு கத்தினாரு.

நெறையப் போட்டுட்டேன்னு சொல்லியிருந்தா முடிஞ்சு போயிருக்கும். பூங்கோதைக்கும் பொறுத்துப் பொறுத்துப் போதும்னு ஆயிருச்சு. "கஞ்சியே போடலீங் மாமா. தண்ணிதானுங்க அப்படி."

தங்கராசு கையில இருந்த சொம்பு டங்னு விழுந்துது. காளியண்ணன் எந்திரிச்சுப் போயி கிணத்து மேட்டுல உட்கார்ந்துக்கிட்டாரு. ரெண்டு நாளு யாருகிட்டயும் பேச்சே இல்லை. பூங்கோதைக்கு அழுகையா வந்துது, எதுக்குடா சொன்னோம்னு.

அப்போ மூணாம் நாளு மழை. சோன்னு கொட்டுது. ஓட்டுல இருந்து விழுகுற தண்ணியை அண்டாவுல புடிச்சு, அதுல அதே பருப்பைப் போட்டா. அரை மணி நேரம்தான், மெழுகாட்டம் கொழைஞ்சுருச்சு. காளியண்ணனுக்கு ஊத்தினா. ஒரு வாய் தின்னாரு. நிறுத்தினாரு.

"புதுப் பருப்பா அம்முணி?"

"இல்லீங் மாமா. மழைத் தண்ணி."

தட்டைக் கீழே வெச்சாரு. அப்புறம் சின்னக் கொரல்ல, "அப்ப நாச்சம்மா பொய்யா சொன்னா?"ன்னாரு.

பூங்கோதை அவர் பக்கத்துல உட்கார்ந்தா. "மாசக்கணக்கா வெயில்ல மண்ணு சுமந்தவங்க மாமா. அவங்க நாக்குக்கு அது தேனாத்தானே இருந்திருக்கும்?"

காளியண்ணன் துண்டால மூஞ்சியைத் தொடைச்சாரு. தட்டை நீட்டி, "இன்னும் ரெண்டு கரண்டி ஊத்து"ன்னாரு.

ம் சொல்லு... கண்ணு சொக்குதா? இதோ ஆச்சு.

அன்னிக்கு இருந்து வாழைக்கும் மாட்டுக்கும் கிணத்துத் தண்ணி, பருப்புக்கும் தலைக்கும் மழைத் தண்ணின்னு ஆயிருச்சு. அடுத்த மழை வந்தப்போ அண்டா, குண்டா, தவலை, பால் சட்டி, எல்லாத்தையும் தூக்கிக்கிட்டு மொதல்ல வாசலுக்கு ஓடுனது யாருங்கிறே? காளியண்ணன்தான்! எதுத்த வீட்டுக்காரரு எட்டிப் பார்த்து, "என்னங்ணா, கிணறு வத்திருச்சா?"ன்னாரு.

"கிணத்துக்கு ஒரு கொறையும் இல்லை! சும்மா வேடிக்கை பார்க்காம நீயும் ஒரு சட்டியை எடுத்து வை. டேய் தங்கராசு, அந்தக் கொடையைத் தலைகீழாப் புடிடா!"

டங், டிங், டொப்... டொப்... எல்லாச் சட்டியும் ரொம்பிருச்சு. மழையும் ஓஞ்சுது, கதையும் ஓஞ்சுது. போர்வையை இழுத்துக்கோ, கண்ணை மூடு.