துண்டுக்குள்ளே கூலி

ஊரே சேர்ந்து ஒருவருக்குச் சோறு போட்டால், அவர் எவ்வளவு சாப்பிட்டார் என்று ஊர் கேட்கலாமா, கூடாதா? யோசித்து வையுங்கள். அதற்குள் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

மேழிநாடு என்று ஒரு நாடு இருந்தது. நெல் விளையும், எள் விளையும், உப்பு மட்டும் விளையாது. கடற்கரையிலிருந்து பொதிமாடுகளில் உப்பு ஏற்றி வர ஒரு வணிகக் குழு இருந்தது. அதற்கு மூன்று தலைவர்கள்: மூத்தவர் சாத்தப்பர், அடுத்தவர் கோதண்டர், இளையவர் நல்லணர்.

ஒரு வருஷம் ஆற்றில் வெள்ளம் என்று தெரிந்தும் மாடுகளை இறக்கினார்கள். பாதி மாடு போயிற்று. குழு படுத்தால் ஊருக்கு உப்பு ஏது? அரசர் இளவழுதி ஊராரிடம் வீட்டுக்கு ஒரு மரக்கால் நெல் கேட்டார். கொடுத்தார்கள்.

மறுவருஷம் ஒரு மாட்டின்மேல் இரண்டு மாட்டுச் சுமையை ஏற்றினார்கள். மாடுகள் வழியிலேயே விழுந்தன. வீட்டுக்கு ஓர் ஆட்டுக்குட்டி என்று அரசர் கேட்டார். அதையும் கொடுத்தார்கள்.

மூன்றாம் வருஷமும் குழு கையை விரித்தது. இந்தத் தடவை அரசர் கேட்டது விதைநெல்.

காத்தாயிக்கு இருந்தது ஒரு துண்டு நிலம், ஒரு கூடை விதைநெல், இரண்டு பிள்ளைகள். விதையைக் கொடுத்தால் விதைப்பு இல்லை. விதைப்பு இல்லையென்றால் தை மாதம் பிள்ளைகளுக்குக் கஞ்சி இல்லை. கொடுக்காவிட்டாலோ உப்பு இல்லை. ‘எவ்வளவு கொடுத்தாலும் இவர்களுக்குப் பற்றவில்லையே, எங்கேதான் போகிறது?’ என்று அவளுக்கு ஒரே யோசனை.

அந்த நாட்டில் மாட்டு வியாபாரிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. துண்டைப் போட்டு மூடி, உள்ளே விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். பார்க்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. குழுத் தலைவர்களின் கூலியையும் அரண்மனை மணியக்காரர் வருஷா வருஷம் அப்படித்தான் துண்டுக்குள்ளே பேசி முடிப்பார்.

காத்தாயி கூடையைத் தூக்கிக்கொண்டு அரண்மனை வாசலுக்குப் போனாள். அரசர் அங்கே இருந்தார். மூன்று தலைவர்களும் நின்று நெல்லை அளந்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். அவள் கூடையை இறக்கி, மேலே ஒரு துண்டைப் போட்டு மூடினாள்.

“கையை உள்ள விடுங்க ஐயா. எவ்வளவு தர்றேன்னு விரல்ல சொல்றேன்.”

சாத்தப்பர் முகம் சுளித்தார். “என்னம்மா விளையாட்டு? இது ஊர்ச் சொத்து. நாலு பேர் பார்க்கத்தான் அளக்கணும்.”

“சரிதாங்க. அப்ப உங்க கூலியும் இந்த நெல்லுலதானே வருது? அதை மட்டும் ஏன் துண்டுக்குள்ள பேசறீங்க?”

வரிசையில் சிரிப்பு கிளம்பியது. அடுத்து நின்றவன் தலைப்பாகையை அவிழ்த்துத் தன் கூடையை மூடினான். அவன் பின்னால் ஒருத்தி முந்தானையால் மூடினாள். வரிசை முழுக்க ஒரு கூடை நெல்லும் கண்ணுக்குத் தெரியவில்லை.

அரசர் தலைவர்களைப் பார்த்தார். “நானும் இதுவரை கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். சொல்லுங்கள்.”

சாத்தப்பர் சொன்னார்: “அது எங்கள் சொந்த விஷயம் அரசே. என் கூலி என் பெண்டாட்டிக்கே தெரியாது.”

“தெரிஞ்சிருந்தா அந்த அம்மாவே கேட்டிருப்பாங்க” என்றாள் காத்தாயி.

கோதண்டர் சொன்னார்: “வெளியே தெரிந்தால் பக்கத்து நாட்டான் கூடக் கொடுத்து எங்களைக் கூட்டிக்கொண்டு போய்விடுவான்.”

“ஆத்து வழியா மட்டும் கூட்டிட்டுப் போகவேண்டாம்னு சொல்லிடுங்க” என்று வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

நல்லணரோ கையை எல்லோருக்கும் தெரியும்படி உயர்த்தினார்.

“ஒரு விரலுக்கு நூறு மூட்டை நெல். மாடுகள் நன்றாக இருந்த காலத்தில் எங்களுக்கு ஆளுக்கு ஒரு விரல். மாடுகளை வெள்ளம் கொண்டுபோன வருஷம் இரண்டு விரல். சுமையில் விழுந்த வருஷம் மூன்று விரல்.”

யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் தங்கள் ஆட்டுக்குட்டிகளை நினைத்துக்கொண்டார்கள்.

அரசர் நேராகவே தீர்ப்புச் சொன்னார்: “சொந்தக் காசில் வியாபாரம் செய்கிறவன் துண்டு போட்டுப் பேசட்டும். ஊரார் நெல்லில் குழு நிற்கிறவரை தலைவர்களின் கூலியை மன்றத்தில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கூடுதலாக வாங்கிய விரல்கள் திரும்பி வரட்டும், அதில் மாடு வாங்குவோம்.” மணியக்காரருக்கும் அன்றோடு அந்த வேலை போயிற்று.

ஊரார் கொடுத்துக் காப்பாற்றிய தொழிலில், அதை நடத்துகிறவர் எவ்வளவு எடுத்துக்கொள்கிறார் என்று ஊராருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதே இதன் நீதி.

காத்தாயிக்கு நின்று நீதி பேச நேரமில்லை. மேற்கே மேகம் திரண்டிருந்தது. அவள் கூடையிலிருந்து துண்டை எடுத்துவிட்டு அரசரிடம் சொன்னாள்:

“ராசா, மாடு வாங்கத்தான் வழி பொறந்திருச்சே. இந்த விதையை என்கிட்டயே விட்டுடுங்க, மழைக்கு முன்னால போய்ச் சேரணும்.”