மூன்று ஷிப்டுக்கு மூன்று மடல்

முதலில் மில்லை மூடினார்கள். இரண்டாவதாக, தறிகளைக் கழற்றி லாரியில் ஏற்றி வடக்கே விற்றார்கள். மூன்றாவதாக, வேலை போன நாற்பத்தொரு பேர் சேர்ந்து சங்கம் வைத்துப் போர்வை நெய்தபோது, ஊர்க் கடைக்காரர் ஒருவரும் வாங்கி அடுக்கவில்லை. மில் முதலாளிக்கு மனம் கோணுமாம். நான்காவதாக, இணையத்தில் சங்கத்துக்கென்று ஒரு பக்கம் தொடங்கினால், காசு கட்டாமல் பதினோரு பேருக்கு மேல் காட்ட மாட்டேன் என்றது அந்தத் தளம். ஐந்தாவது அநீதியைச் செய்தவர்கள் மக்கள்.

"மக்களேதான் டீச்சர்," என்றார் தவசிமுத்து. "நம்மகிட்ட வாங்கினவங்க அறுநூறு பேர். அத்தனை பேருக்கும் மின்னஞ்சல் போட்டோம். நூற்றுப் பதினெட்டுப் பேர் வேண்டாம்னு பொத்தானை அமுக்கிட்டுப் போயிட்டாங்க."

சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்தார். முப்பது வருடம் தொழிலாளர்களுக்காக மில் வாசலில் நின்று பேசிய மனிதர். தொண்டை போய்விட்டது. முதலில், இரண்டாவதாக என்று அடுக்கும் வரிசை மட்டும் போகவில்லை.

அவருக்கு அறுபத்து மூன்று வயது. அவர் குருவாக ஏற்றுக்கொண்ட செண்பகவல்லிக்கு முப்பத்தாறு. சென்னையில் ஏதோ கம்பெனிக்கு விளம்பர மடல் எழுதிச் சலித்துப்போய் ஊர் திரும்பியவள். இப்போது காய்கறி விதை விற்கிறாள். வாரம் ஒரு மடல், முந்நூறு பேருக்கு. பாதிப் பேர் பதில் எழுதுகிறார்கள் என்று ஊரில் பேச்சு.

அவள் வெண்டை விதையைப் பொட்டலம் கட்டிக்கொண்டே கேட்டாள். "ஒரு நாளைக்கு எத்தனை மடல் அண்ணாச்சி?"

"மூணு. காலையில ஏழு மணி, மத்தியானம் மூணு, ராத்திரி பதினொண்ணு."

"அது என்ன கணக்கு?"

"ஷிப்டு மாறுற நேரம். வாசல்ல நோட்டீஸ் கொடுக்கிறதுன்னா மூணு ஷிப்டுக்கும் கொடுக்கணும். ஒரு ஷிப்டை விட்டாலும் வேலைநிறுத்தம் தோத்துரும்."

"வாங்கினவங்க ஷிப்டு வேலையா பாக்கிறாங்க?"

தவசிமுத்து மறுபடியும் தண்ணீர் குடித்தார்.

"கடைசி மடல்ல என்ன எழுதினீங்க?"

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "'தோழா, இன்னும் எத்தனை நாள் உறங்குவாய்? விழித்தெழு!'"

"விக்கிறது போர்வை."

"ஆமா."

"சரி. வேண்டாம்னு போனவங்களை என்ன செஞ்சீங்க?"

"வேலைநிறுத்தத்தை உடைக்கிற கருங்காலியை என்ன செய்வோம்? மில் வாசல்ல பேரை வாசிப்போம். சங்கத்துப் பக்கத்துல பேரைப் போட்டேன். 'விலகி ஓடியவர்கள்'னு சிவப்பு எழுத்துல, நூற்றுப் பதினெட்டுப் பேரையும்."

செண்பகவல்லி பொட்டலத்தைக் கீழே வைத்தாள். சங்கத்து மடல்கள் மேல் புகார்கள் ஏன் குவிந்தன என்பது அவளுக்குப் புரிந்தது. மடல் அனுப்பித் தரும் கம்பெனி, இனி ஒரு புகார் வந்தாலும் கணக்கை மூடிவிடுவோம் என்று எழுதியிருந்தது. மடல் நின்றால் விற்பனை நிற்கும். விற்பனை நின்றால் சங்கத்தை இழுத்துப் பூட்ட வேண்டியதுதான். வரும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அதைத்தான் முடிவு செய்யப் போகிறார்கள்.

"மக்கள்கிட்டப் போய்ச் சேர வழி என்னன்னு கேக்கத்தான் வந்தேன்," என்றார்.

"உங்க மடல் உங்களுக்கு வருதா?"

"எழுதுறவனே நான். எனக்கு எதுக்கு?"

"போனைக் கொடுங்க."

கொடுத்தார். அவருடைய முகவரியைச் சங்கத்துப் பட்டியலில் சேர்த்துவிட்டுத் திருப்பித் தந்தாள்.

"சத்தத்தை அணைக்காதீங்க. சனிக்கிழமை வாங்க."

முன்பே அவர் எழுதிக் கொடுத்திருந்தபடி முதல் நாள் மூன்று மடலும் வந்தன. பெருமையாகப் படித்தார். இரண்டாம் நாள் ஒன்றைப் படித்தார். மூன்றாம் நாள் எதையும் திறக்கவில்லை.

நான்காம் நாள் மனைவிக்குக் கண் ஆபரேஷன். அரசு மருத்துவமனைத் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தார். முடிந்ததும் நர்ஸ் போனில் கூப்பிடுவதாகச் சொல்லியிருந்தாள். மணி மூன்றுக்குப் போன் ஒலித்தது. பதறி எழுந்ததில் செருப்பு ஒரு பக்கம் போனது. கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"தோழா, இன்னும் எத்தனை நாள் உறங்குவாய்?"

பக்கத்தில் இருந்தவர், "நல்ல சேதிதானே?" என்று கேட்டார்.

தவசிமுத்து மடலின் அடிவரை போனார். 'வேண்டாம்' என்ற சொல் எறும்பளவு இருந்தது. அப்படிச் சிறிதாக வைக்கச் சொன்னவர் அவரேதான். விரலால் பெரிதாக்கி அமுக்கினார். காரணம் எழுதுங்கள் என்று ஒரு கட்டம் வந்தது. எழுதினார்.

சனிக்கிழமை குருவிடம் போனபோது குரல் இன்னும் இறங்கியிருந்தது.

"நானே அமுக்கிட்டேன் டீச்சர்."

அவள் சிரிக்கவில்லை. "அண்ணிக்குக் கண் எப்படி இருக்கு?"

"பரவாயில்லை."

"காரணம் கேட்டிருக்குமே. எழுதினீங்களா?"

"எழுதினேன்."

"அதை யார் படிச்சா?"

அவர் யோசித்தார். யாரும் படிக்கவில்லை. அந்தக் கட்டத்தில் எழுதுவது எங்கே போகிறது என்றுகூட அவர் ராசாத்தியிடம் கேட்டதில்லை. சங்கத்தில் கம்ப்யூட்டர் பார்ப்பவள் அவள். அன்றைக்கே கேட்டார். எல்லாம் இருந்தது. நான்கு பக்கம் அச்செடுத்துக் கொடுத்தாள். சிவப்பு எழுத்துப் பட்டியலை அழிக்கச் சொல்லிவிட்டு, காகிதத்தோடு மறுபடியும் குருவிடம் வந்தார்.

"நாளைக்குக் கூட்டத்துல மக்களைக் கண்டிச்சுத் தீர்மானம் எழுதி வச்சிருந்தேன். இப்ப என்ன செய்ய?"

"பேரை வாசிக்கிறது உங்க வழக்கம்தானே அண்ணாச்சி. வாசிங்க," என்றாள் செண்பகவல்லி. "காரணத்தை முதல்ல. பேரை அப்புறம்."

ஞாயிற்றுக்கிழமை சங்கத்துத் தறிக்கூடத்தில் இருபத்து மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். மிச்சப் பேர் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். பூட்டிவிடலாம் என்ற முகம்தான் எல்லோருக்கும்.

தவசிமுத்து நின்றுகொண்டு வாசித்தார்.

"'ஒரு போர்வை வாங்கினேன். அது இன்னும் கிழியவில்லை.' ஆரோக்கியமேரி, நாசரேத்."

யாரோ சிரித்தார்கள்.

"'மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். உங்கள் சத்தத்தில் பிள்ளை முழித்துக்கொள்கிறது.' சுப்புராம், கடம்பூர்."

"'நிறம் மாற்றித் தரச் சொல்லி இரண்டு முறை எழுதினேன். பதில் வரவில்லை. உங்கள் மடல் மட்டும் வருகிறது.' ஜொஹரா பேகம், மேலப்பாளையம்."

இதற்கு யாரும் சிரிக்கவில்லை. "நியாயந்தானேப்பா," என்றார் சாயம் போடும் செல்லையா. "யாரு அதுக்குப் பதில் எழுதியிருக்கணும்?"

"நான்," என்றார் தவசிமுத்து. அடுத்ததை வாசித்தார்.

நூற்றுப் பதினெட்டும் முடிய ஒரு மணி நேரம் ஆயிற்று. ஒருவரும் எழுந்து போகவில்லை. கடைசிப் பக்கத்தில் இன்னும் ஒரு வரி இருந்தது. அதை விட்டுவிடலாம் தோழர் என்று காலையிலேயே சொல்லிப் பார்த்த ராசாத்தி, தலையைக் குனிந்துகொண்டாள்.

"'ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருக்கிறேன். மனுசனைக் கொஞ்சம் மூச்சுவிட விடுங்கள்.'"

"பாவம். யாருய்யா அது?" என்று கேட்டார் செல்லையா.

மில் வாசலில் எத்தனையோ பெயர்களை வாசித்தவர். ஒன்றையும் தாண்டிப் போனதில்லை. தவசிமுத்து காகிதத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். கடைசி வரிசைக்கும் கேட்கிற குரலில் வாசித்தார்.

"கோ. தவசிமுத்து. சங்கச் செயலாளர்."