மூன்றாம் பேஸில் இரண்டு சம்பந்திகள்

கோயம்புத்தூரில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பொழுதுபோக்காக நடக்கும் ஒரு சாஃப்ட்பால் லீக்கில் வந்த வழக்கு இது. முழுவதும் கேட்டுவிட்டுத் தீர்ப்பை நீங்களே சொல்லுங்கள்.

பீளமேடு அணியில் ஆடுபவர் நாச்சிமுத்து. பம்புசெட் பட்டறை வைத்திருப்பவர். அவருடைய மகள் மிருதுளா ஆடுவதோ சிங்காநல்லூர் அணிக்கு. அவளுக்கு வரன் முடிந்து, வருகிற வெள்ளிக்கிழமை நிச்சயதார்த்தம் என்று பேசியிருந்தார்கள். மாப்பிள்ளையின் தாயார் சுலோசனா கல்லூரி நாட்களில் சாஃப்ட்பால் ஆடியவர் என்று பேச்சுவாக்கில் தெரியவந்தது. ஆள் குறைந்திருந்த தம் அணிக்கு நாச்சிமுத்து அவரை உற்சாகமாக அழைத்துவிட்டார். அந்த வாரம் எதிரணி சிங்காநல்லூர் என்பது அழைத்த பிறகுதான் அவருக்கு உறைத்தது.

“சம்பந்தியம்மா மனசு கோணாம பாத்துக்க, கண்ணு” என்றார் மகளிடம், கிளம்பும்போது.

“அப்படின்னா பந்தை விட்டுடணுமாங்கப்பா?”

“விடச் சொல்லலை. பாத்து விளையாடுன்னு சொல்றேன்.”

இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று மிருதுளாவுக்குப் புரியவில்லை. அவள் ஷூவை மாட்டிக்கொண்டாள்.

ஆட்டம் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. பந்தை அடித்தவர் முதல், இரண்டாம், மூன்றாம் பேஸ்களைத் தொட்டு, அடித்த இடமான ஹோமுக்கு வந்து சேர்ந்தால் ஒரு ரன். தமக்குரிய பேஸில் கால் இருக்கும்வரை எதிரணியார் அவரைப் பந்தால் தொட்டாலும் அவுட் இல்லை. காலை எடுத்தபின் தொட்டால் அவுட். ஒரு பேஸில் ஒருவருக்குத்தான் இடம். இருவர் நின்றுவிட்டால், அதை முதலில் முறைப்படி பிடித்திருந்தவருக்கே உரிமை. அவர் ஹோமைத் தொடும்வரை அந்த உரிமை போகாது. பின்னால் உள்ள பேஸ்கள் எல்லாம் நிரம்பி, நகர்ந்தே தீரவேண்டிய கட்டாயம் வந்தால் மட்டும் கதை வேறு.

கடைசிச் சுற்று. பீளமேடு ஒரு ரன் பின்தங்கியிருந்தது. ஒருவர் அவுட், இன்னும் இருவர் போனால் ஆட்டம் முடிந்தது. மூன்றாம் பேஸில் நாச்சிமுத்து, இரண்டாம் பேஸில் சுலோசனா, முதல் பேஸ் காலி.

அடித்த பந்து தரையில் உருண்டு நேராக, அதை வீசிய பிட்சரிடமே போனது. நாச்சிமுத்து ஹோமை நோக்கிப் பாதி தூரம் ஓடிவிட்டார். பந்து தமக்கு முன்பே ஹோமில் நின்ற கேட்சர் கைக்குப் போனதைக் கண்டதும் திரும்பி மூன்றாம் பேஸுக்கே ஓடினார். அங்கே சுலோசனா நின்றுகொண்டிருந்தார். குனிந்த தலை நிமிராமல் ஓடிவந்தவருக்கு முன்னால் நடந்தது எதுவும் தெரியாது. நாச்சிமுத்துவும் தாவி ஒரு காலை அதே பேஸில் வைத்தார். கேட்சர் எறிந்த பந்து மூன்றாம் பேஸைக் காத்துநின்ற மிருதுளாவிடம் வந்தது.

எதிரே தகப்பனும் வருங்கால மாமியாரும், ஒரே பேஸில், தோளோடு தோள் இடித்தபடி மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்கள்.

மிருதுளா முதலில் அப்பாவின் தோளைத் தொட்டாள். பிறகு அத்தையின் பக்கம் நீண்ட கை ஒரு கணம் தயங்கியது. “தப்பா நெனச்சுக்காதீங்க அத்தை” என்று சொல்லி, அவர் கையிலும் பந்தை வைத்தாள்.

அம்பயர் ஜெசிந்தா இன்னும் வாயைத் திறக்கவில்லை. அதற்குள் நாச்சிமுத்து, “நீங்க நில்லுங்க சம்பந்தியம்மா, நான் போயிக்கிறேன்” என்று பேஸை விட்டு இறங்கி நடந்தார்.

“அட, நீங்க நில்லுங்க!” என்று சுலோசனா கத்தியது அவர் காதில் விழவில்லை. மிருதுளா ஓடிப்போய் அப்பாவின் முதுகில் பந்தை வைத்தாள்.

“ஒருக்கா தொட்டது பத்தாதா கண்ணு?” என்று திரும்பினார் அவர்.

மூன்று பேரும் அம்பயரைச் சூழ்ந்துகொண்டார்கள்.

“நான் மட்டுந்தாங்க அவுட்டு” என்றார் நாச்சிமுத்து. “நான் திரும்பி வர்றதுக்குள்ள அவங்க பேஸைப் புடிச்சுட்டாங்க. முதல்ல தொட்டதும் என்னைத்தான்.”

“அவுட்டானது நான் மட்டுந்தான்” என்றார் சுலோசனா. “பேஸ் அவரோடது. மரியாதைக்காக இறங்கிப் போனவரைப் போய் அவுட்னு சொல்வீங்களா?”

மிருதுளாவுக்குக் காது சிவந்துவிட்டது. ஆனாலும் சொன்னாள்: “ரெண்டு பேருமே அவுட்டுங்க மேடம்.”

அப்படியானால் ஆட்டம் அங்கேயே முடிந்தது, பீளமேட்டுக்குத் தோல்வி. தகப்பனார் மகளைப் பார்த்தார். பிறகு பயத்தோடு சம்பந்தியம்மாவைப் பார்த்தார்.

வாசகரே, நீங்கள்தான் அம்பயர். அவுட் ஆனது யார்? மூவரில் யார் சொன்னது சரி?

விடை: மிருதுளா சொன்னதே சரி. முதல் பேஸ் காலியாக இருந்ததால் நாச்சிமுத்து நகரவேண்டிய கட்டாயம் எதுவுமில்லை. ஆகவே சுலோசனா முந்தி வந்து நின்றாலும் மூன்றாம் பேஸ் நாச்சிமுத்துவுடையதுதான். முதலில் அவரைத் தொட்டது செல்லாது. அடுத்துத் தொட்டதில், உரிமையில்லாமல் நின்ற சுலோசனா அவுட். நாச்சிமுத்து பேசாமல் நின்றிருந்தால் பிழைத்திருப்பார். அம்பயர் சொல்லும் முன்பே தாமாக இறங்கினார். அப்போது தொட்டதில் அவரும் அவுட். மரியாதைக்காக இறங்கினாலும் இறங்கியது இறங்கியதுதான் என்று ஜெசிந்தா கையை உயர்த்திவிட்டார்.

வெள்ளிக்கிழமை நிச்சயதார்த்தத்தில் மிருதுளாவுக்குப் பூ வைத்துவிட்ட சுலோசனா, அவள் காதருகே குனிந்து, “அடுத்த சீசனுக்கு எங்க டீமுக்கு வந்துடு கண்ணு. ஒரே குடும்பமாயிட்டோமில்ல?” என்றார்.

“வீட்டுக்கு வர்றேங்கத்தை” என்றாள் மிருதுளா. “டீமுக்கு மட்டும் கேக்காதீங்க.”

சுலோசனா சிரித்த சிரிப்பில் மண்டபமே திரும்பிப் பார்த்தது. பந்தி விசாரித்துக்கொண்டிருந்த நாச்சிமுத்துவும், என்ன ஏதென்று தெரியாமலே சேர்ந்து சிரித்தார்.